அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

லூக்கா சுவிசேஷம் 3-ஆம் அதிகாரத்தில், யோவான்ஸ்நானகனின் பிரசங்கத்தைக் கேட்டுக் கலங்கிப்போன ஜனங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" வேதாகமத்தில் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். விரியன்பாம்புக் குட்டிகளே என்று ஆரம்பித்து, கோடரி மரத்தின் வேரருகே வைத்திருக்கிறது என்றுவரை போன பிரசங்கம் அது. கேட்டு நடுங்கி நிற்கிறவர்களிடம் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒட்டகமயிர் உடையும் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனுமாக வாழ்ந்த மனுஷன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்றிருந்தால் ஒரு கூட்டம் போயும் இருக்கும்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும், சாப்பாடு இருப்பவனும் அப்படியே செய்யட்டும் என்றார். வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் வந்தார்கள், கட்டளையிட்டதற்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர்கள் வந்தார்கள், யாருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாகக் குற்றம் சாட்டாதீர்கள், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றார். ஒருவரையும் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதுவும் ஊரே வெறுத்த ஆயக்கார வேலையை. நாளைக் காலையில் அதே மேஜைக்குத்தான் போகப்போகிறாய், அங்கே உட்கார்ந்து மனந்திரும்பு என்று சொல்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது.

அந்த மூன்று பதில்களிலும் எதிரில் இன்னொரு ஆள் நிற்கிறான், கவனித்தீர்களா? அங்கி இல்லாதவன், வரி கட்ட வரிசையில் நிற்கிறவன், சேவகனைக் கண்டால் ஒதுங்குகிறவன். யாருடைய காரியம் உன் கையில் இருக்கிறது என்று பார், அவனிடம் எப்படி நடந்துகொள்கிறாய் என்று பார், அவ்வளவுதான் யோவான் சொல்வது. கொஞ்ச காலமாக நானும் என் விசுவாசத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். வேதவாசிப்பும் முழங்கால் ஜெபமும் வேண்டாம் என்று யாரும் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம், அவை இல்லாமல் என்னால் ஒரு நாள் தாங்காது. ஆனால் காலையில் நான் ஜெபித்தேனா என்பது, சாயங்காலத்துக்குள் என்னிடம் வந்து போன யாருக்காவது ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்க வேண்டாமா?

எனக்கு வேலை அக்கவுண்ட்ஸ் பிரிவில். வெளியாட்கள் செய்துகொடுத்த வேலைகளுக்கான பில்கள் என் மேஜைக்கு வரும், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த இடத்துக்குப் போகும். பார்க்க ரொம்பச் சாதாரணமான வேலை. ஆனால் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை இந்த மேஜையை மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். "நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று ஆரம்பிக்கிற அதிகாரம் அது. ஏதோ பலிபீடத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறது என்று நினைப்போம். கொஞ்ச தூரத்திலேயே வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே, தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும் என்று போகிறது. நடுவில் இது: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு என்று இயேசு எடுத்துச் சொன்னாரே, அந்த வசனமும் இதே அதிகாரத்தில் 18-ஆம் வசனம்தான். கூலி விஷயத்துக்கும் அன்பு விஷயத்துக்கும் நடுவில் நாலே வசனம்.

போன மாதம் வந்த ஒரு பில்லைச் சொல்கிறேன். நாற்காலிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தவருடையது. கார்பன் வைத்துக் கையால் எழுதியது, தொகையை எழுத்தில் எழுதும் இடத்தில் ஒரு சொல்லை அடித்து மேலே திருத்தியிருந்தார். கணக்குக் கூட்டல் சரி, வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் அடித்தல் திருத்தல் உள்ள பில்லை வாங்கக் கூடாது என்பது விதி. நான் சிவப்பு மையில் 'திருத்திய பில் தேவை' என்று எழுதித் தட்டில் போட்டிருந்தால் என்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது அவருக்குப் போய்ச் சேர ஒரு வாரம், அவர் திரும்பக் கொண்டுவர ஒரு வாரம், அதற்குள் அந்த மாதத்துப் பணப்பட்டுவாடா முடிந்திருக்கும். பில்லின் அடியில் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டு, "அண்ணா, இந்த ஒரு வரியை மட்டும் புதிதாக எழுதி இன்றைக்கே கொண்டுவந்துவிடுங்கள், நான் வாங்கி அனுப்பிவிடுகிறேன்" என்றேன். மத்தியானம் வந்து கொடுத்துவிட்டுப் போனார். விதியும் காப்பாற்றப்பட்டது, பணமும் போனது. இரண்டு நிமிஷ வேலை. இதைப் பெரிய சாட்சி என்று சபையில் எழுந்து நின்று சொல்ல முடியாது, சொன்னால் யாரும் அல்லேலூயா போடவும் மாட்டார்கள். ஆனால், "உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று பிடித்துவைத்த கூலியைப் பற்றி யாக்கோபு எழுதுகிறாரே, அந்தக் கூக்குரல் என் மேஜையிலிருந்து எழும்பக் கூடாது என்று நான் உண்மையாகவே பயப்படுகிறேன்.

கையெழுத்து என்றதும் எனக்கு ஜான் உல்மன் நினைவுக்கு வருவார். 1720-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவைச் சேர்ந்தவர். இளைஞனாக ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தன்னிடம் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுது என்று இவரிடம் சொன்னார். வாங்குகிறவர் எதிரில் காத்திருக்கிறார். உல்மன் எழுதிவிட்டார். ஆனால் எழுதும்போதே மனம் வாதித்ததால், அடிமை வைத்துக்கொள்வது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று இருவரிடமும் சொல்லியும்விட்டார். பிறகு இன்னொருவர் அதே மாதிரிப் பத்திரம் கேட்டு வந்தபோது எழுத மறுத்தார். அப்புறம் உயில்கள். அடிபட்டுப் படுத்திருந்த பக்கத்துவீட்டுக்காரர் ஒருவர் உயில் எழுதச் சொன்னபோது, மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அடிமைப் பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற பகுதியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். ஏன் என்று பேசினார்கள். கடைசியில் அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் ஒத்துக்கொண்டார், அதையும் உல்மனே எழுதினார்.

அவர் மேடை ஏறி முழங்கினவர் இல்லை. பேனாவும் மையும் தன் கையில் இருக்கிறது, அதை எதற்குக் கொடுப்பது எதற்குக் கொடுக்கக் கூடாது என்று பார்த்தவர். சத்தம் போடாமல், எதிரில் இருப்பவரை அவமானப்படுத்தாமல் வீடு வீடாகப் போய்ப் பேசினவர். 1772-ல் பெரியம்மை கண்டு இறந்தார். 1776-ல் பிலடெல்பியாவின் குவேக்கர்கள், இனி அடிமை வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். இதற்காக உழைத்தவர்கள் பலர். ஆனால் உல்மனைப் பொறுத்தவரை எல்லாம் ஒரு கடை மேஜையில், அன்றாட வேலைக்கு நடுவில் வந்த ஒரு உறுத்தலில் ஆரம்பித்தது. அந்த உறுத்தலை அவர் ஜெபத்தில் சொல்லிவிட்டு மறந்துவிடவில்லை.

சரி, பணமும் பத்திரமும் எல்லோர் கையிலும் இருக்காது. ஆனால் அடுத்தவர் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய மானம் முழுக்க நம் நாக்கில்தான். இதில் நம் சபைகளுக்கென்றே ஒரு வழி உண்டு, எல்லோருக்கும் தெரியும்: "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன் சிஸ்டர், வெளியே சொல்லாதீங்க" என்று ஆரம்பித்து ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் வெளியே வரும். கடைசியில் ஜெபம் நடக்கும், நடக்காமலும் போகும், கதை மட்டும் நிச்சயமாக நாலு வீடு போகும். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். பரிசுத்தமான ஒரு வார்த்தையைப் போர்த்திக்கொண்டு போகிற புறணி, வெறும் புறணியைவிட மோசம்.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் 1935 முதல் 1937 வரை ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் போதகர்களைப் பயிற்றுவித்தார். 1937-ல் ஹிட்லரின் போலீஸ் அதை மூடியது. அங்கே ஒன்றாக வாழ்ந்த மாணவர்களிடம் அவர் கேட்டுக்கொண்ட ஒரு விதி உண்டு. ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது. பேசிவிட்டால், பேசியதைப் பிறகு அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். வெளியே அவ்வளவு பெரிய அபாயம் சூழ்ந்திருந்த நேரத்தில், உள்ளே இந்தச் சின்ன விஷயத்துக்கு விதி வைத்திருக்கிறார்கள்! செய்து பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. முதல் பாதியை விடுங்கள், இரண்டாம் பாதி போதும். "உங்களைப் பற்றி நேற்று இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம்" என்று போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், பாதி பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். நானும் என் தோழியும் இந்த விதியை எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் பேச்சு குறைந்திருக்கிறது, நட்பு குறையவில்லை.

இனி வீடு. இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

என் அத்தை, கணவரின் அம்மா, பக்கவாதம் வந்தபிறகு படுக்கையில் இருக்கிறார். வலது பக்கம் முழுவதும் அசைவில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார், மற்ற நேரம் நாங்கள். படுத்திருப்பவரை எழுப்பாமலே விரிப்பு மாற்றுவது எப்படி என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து, நம் பக்கமாக மெல்ல ஒருக்களிக்க வேண்டும். பழைய விரிப்பை அவர் முதுகை ஒட்டி நீளவாக்கில் சுருட்ட வேண்டும். காலியான பாதியில் புதிய விரிப்பைப் போட்டு, அதன் மறுபாதியையும் சுருட்டி அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு இரண்டு சுருளையும் தாண்டி அவரை மறுபக்கம் திருப்பி, பழையதை உருவி, புதியதை இழுத்து விரிக்க வேண்டும். ஒரு மடிப்புகூட முதுகுக்கு அடியில் நிற்கக் கூடாது, அந்த மடிப்பிலிருந்துகூடப் படுக்கைப்புண் ஆரம்பிக்கலாம். ராத்திரியில் இதைச் செய்யும்போது அத்தை பேசுவார், வாய் கொஞ்சம் கோணி, வார்த்தை குழறி வரும். "உனக்கு ஏம்மா இந்தக் கஷ்டம்" என்பார். "நீங்க சும்மா இருங்க அத்தை, முதுகைத் தூக்குங்க பாப்போம்" என்பேன். அவருக்கு முதுகைத் தூக்க முடியாது, எனக்கும் தெரியும், ஆனாலும் இடது காலை ஊன்றி ஏதோ முயற்சி பண்ணுவார்.

இந்த வேலையை நான் ஆனந்தமாகச் செய்கிறேன் என்று எழுதினால் அது பொய். உடம்பு அசந்திருக்கும், நாற்றம் இருக்கும், எரிச்சல் வரும். இந்த விஷயத்தில் எனக்குத் தைரியம் கொடுத்தவர் சகோதரர் லாரன்ஸ். 1691-ல் பாரீஸில் காலமான கர்மேல் மடத்துச் சகோதரர், மடத்துச் சமையலறையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். தேவனுடைய சந்நிதியைப் பாத்திரங்களுக்கு நடுவிலும் உணர்ந்தவர் என்று அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சமையலறை வேலை அவருக்கு இயல்பில் பிடிக்காத வேலை என்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் வேண்டியிருந்தது. பிடிக்காத வேலையை, பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டே, ஆண்டவருக்கென்று செய்யலாம். மனம் பொங்கி வழியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அத்தையின் முதுகுக்குத் தேவை மடிப்பில்லாத விரிப்பு, என் பரவசம் அவருக்கு எதற்கு?

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இப்படிப்பட்ட பணிவிடையைச் சபையில் புகழும்போது எப்போதும் மருமகளைத்தான் புகழ்கிறார்கள், மாமியாரை விட்டுப் போகாத ரூத்தை மேற்கோள் காட்டி. ரூத் எனக்கும் பிடிக்கும். ஆனால் யோவான் 13-ல் பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, சீலையை அரையில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து மற்றவர்களின் காலைக் கழுவியவர் ஒரு ஆண், அதுவும் போதகரும் ஆண்டவருமானவர். அந்த வேலை தங்களுக்கு உரியது இல்லை என்று எந்த ஆண் விசுவாசியும் சொல்ல அங்கே இடம் வைக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் விடியற்காலைப் பணிவிடை என் கணவருடையது. அம்மாவுக்கு உடம்பு துடைப்பதை அவர் முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தார். இப்போது தண்ணீரின் சூட்டைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் துணியை நனைக்கிறார்.

ஊழியம் என்ற பெயரில் வீட்டை விட்டுவிடுகிறவர்களுக்கு இயேசு சொன்னது மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று அன்றைக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இயேசு அதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தேவனுக்கென்று சொல்லிக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் அம்மாவிடமிருந்து எடுத்துக் கொடுக்கிற காணிக்கையை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. வாரத்தில் எல்லா ராத்திரியும் கூட்டம், ஜெபக்குழு, பாட்டுப் பயிற்சி என்று போகிறவர்களைப் பார்க்கும்போது, வீட்டில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நெருக்கமானவர்களிடம் கேட்டும் இருக்கிறேன்.

ஜெபத்தைப் பற்றி ஒரே ஒரு சின்ன விஷயம். "உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்ஆப்பில் போடுவது இப்போது கைகூப்பும் படத்தோடு முடிந்துவிடுகிறது. உடுப்பில்லாதவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது இதற்கும் பொருந்தும். நான் இப்போது செய்வது, சொன்ன கையோடு அங்கேயே கண்ணை மூடி இரண்டு வரி ஜெபித்துவிடுவது. முடிந்தால் அவர்களோடேயே, போனிலாவது. பிறகு, "இப்போது உங்களுக்கு யாராவது வந்து என்ன செய்தால் உதவியாக இருக்கும்?" என்று கேட்பது. பெரும்பாலும் பதில் ரொம்ப எளிமையாக இருக்கும். பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவர வேண்டும், ராத்திரி ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் இருந்தால் நான் கொஞ்சம் தூங்குவேன், இப்படி.

கடைசியாக ஓய்வு. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய நாலாம் கட்டளையை நாம் "ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ" என்று சுருக்கிவிட்டோம். யாத்திராகமம் 20-ல் அது மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன் என்று ஒரு பட்டியலாகவே வருகிறது. உபாகமம் 5-ல் அதே கட்டளை இன்னும் தெளிவாக இருக்கிறது: உன் வேலைக்காரரும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும், எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாய், நினைத்துக்கொள். அப்படியென்றால் நான் ஓய்ந்திருக்கிறேனா என்று மட்டும் பார்த்தால் போதாது. என் ஓய்வுக்காக யாரை ஓடவிடுகிறேன் என்றும் பார்க்க வேண்டும். ஆபீஸில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு ராத்திரி மெசேஜ் அனுப்புவதில்லை. தோன்றுவதை டிராஃப்டில் எழுதி வைத்துத் திங்கள் காலை வேலை நேரம் ஆரம்பித்தபிறகு அனுப்புகிறேன். அவசரம் இல்லை, நாளைக்குப் பார்த்தால் போதும் என்று எழுதி அனுப்பினாலும் அந்தப் பிள்ளை அன்றைக்கே பார்க்கும், அதுதான் வேலை பார்க்கிறவர்களின் நிலைமை.

வீட்டில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். அத்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆராதனைக்குப் போகலாம், முன்பு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். இந்தக் கட்டளையை வாசித்துப் பேசியபிறகு, அக்காவிடம், "ஞாயிறு நீங்க வீட்ல இருங்கக்கா, சம்பளத்துல ஒண்ணும் பிடிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டோம். அவர் எந்தச் சபைக்கும் போகிறவர் இல்லை. அதனால் என்ன, கட்டளையில் அந்நியனும் இருக்கிறான். இப்போது காலை ஆராதனைக்கு நான் போகிறேன், மாலை ஆராதனைக்கு என் கணவர் போகிறார். பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவது போய்விட்டது, திருவிருந்தும் தனித்தனியாகத்தான். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, வேறு ஏதாவது வழி கிடைக்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் நாத்தனார் மாதம் ஒரு ஞாயிறு வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வருகிற ஞாயிறு நாங்கள் சேர்ந்து போவோம்.